சொல்லும் பொருளும்: விருந்துத் தட்டு குப்பையான கதை

 

'மெஸ்' என்னும் ஆங்கிலச் சொல் நம் இல்லங்களில் இரு வேறு வாய்களிலிருந்து இரு வேறு பொருளில் வந்து விழுகின்றது. துபாய்க்கோ ரியாதுக்கோ பிழைக்கச் சென்ற மகன் இரவில் தொலைபேசியில் பேசும்போது, "மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டேன் உம்மா" என்கின்றான். அதைக் கேட்ட பிறகுதான் உம்மாவுக்குச் சோறு இறங்குகின்றது. அதே வீட்டில், ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேத்தி, புத்தகமும் உடையும் விளையாட்டுச் சாமானும் இறைந்து கிடக்கும் அறையைக் கண்டு, "ஒரே மெஸ்!" என்று முகம் சுளிக்கின்றாள். மகன் சொன்னது சோற்றை. பேத்தி சொன்னது குப்பையை.

ஒரு சொல் சோறாகவும் குப்பையாகவும் இருப்பது எங்ஙனம்? ஓசையால் ஒத்த இரு வேறு சொற்களோ இவை என்று ஐயுறத் தோன்றும். ஐயம் வேண்டா. இரண்டும் ஒரே சொல்தான். கண்ணியமான குடியில் பிறந்து, அரண்மனையில் வளர்ந்து, பின்னர் தாழ்ந்துபோன சொல் அது. அதன் பிறப்பையும் வாழ்வையும் வீழ்ச்சியையும் இம்மாதம் காண்போம். அந்த வீழ்ச்சியில் நம் வீட்டுச் சுப்ராவுக்கு ஒரு பாடம் இருக்கின்றது.

அனுப்பப்பட்டது

லத்தீன் மொழியில் 'மிட்டெரே' என்றொரு வினைச்சொல் உண்டு. 'அனுப்புதல்' என்பது அதன் பொருள். பிற்கால லத்தீனில் 'வைத்தல்' என்னும் பொருளும் அதற்கு வந்தது. அதிலிருந்து பிறந்த 'மிஸ்ஸுஸ்' என்னும் சொல், உண்பவர் முன் கொண்டுவந்து வைக்கப்படும் உணவைக் குறித்தது. இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் 'மெஸ்' என்றாகி, ஒரு வேளை விருந்தில் பரிமாறப்படும் ஒரு பதார்த்தத்திற்குப் பெயராயிற்று. பிரெஞ்சு பேசிய நார்மன் மன்னர்கள் 1066ஆம் ஆண்டு இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அவர்களுடைய மொழியிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. அவற்றுள் ஒன்றாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் தென்படத் தொடங்கியது நம்முடைய 'மெஸ்'. அன்று அதற்கு 'உணவின் ஒரு பங்கு' என்பதே பொருள். அழுக்கு, அலங்கோலம் என்ற நிழல் கூட அதன் மீது படியவில்லை.

'அனுப்புதல்' என்னும் அதே வேரிலிருந்துதான், செய்தியைக் குறிக்கும் 'மெஸேஜ்', தூதுப் பணியைக் குறிக்கும் 'மிஷன்', தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஏவப்படும் 'மிஸைல்' ஆகிய சொற்களும் பிறந்தன. தூதுச் செய்தியும் சோற்றுத் தட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! அரபி மொழியில் 'அர்ஸல' என்றால் 'அனுப்பினான்'. அனுப்பப்பட்டவர் ரஸூல், அவர் கொண்டுவந்த தூது ரிஸாலத். லத்தீனுக்கும் அரபிக்கும் வேர் உறவு கிடையாது. எனினும் இக்கருத்து ஒற்றுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் முன் வைக்கப்படும் உணவு தானாக வந்ததன்று, ஒருவன் அனுப்பியதால் வந்தது என்னும் உணர்வு அந்தப் பழைய சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றது. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்திற்கு 'அல்மாயிதா' என்று பெயர். உணவு பரப்பப்பட்ட விரிப்பு அல்லது மேசை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வானத்திலிருந்து ஓர் உணவு மரவையை இறக்கித் தருமாறு ஹவாரிய்யூன்கள் ஈஸா (அலை) அவர்களிடம் வேண்டியதும், அவர்கள் இறைவனிடம் இறைஞ்சியதும் அவ்வத்தியாயத்தில் வருகின்றன. வானிலிருந்து இறங்கினாலும் வயலிலிருந்து வந்தாலும் அனுப்புகின்றவன் அவன் ஒருவனே. 'பிஸ்மில்லாஹ்' என்று கூறி நாம் கை வைப்பது இந்த உணர்வோடுதான்.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் தம் சகோதரர்களுக்கு விருந்தளித்ததைப் பைபிளும் கூறுகின்றது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர்கள் தம் முன்னிருந்து ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைத்த உணவுப் பங்கை 'மெஸ்' என்றே குறிப்பிடுகின்றது. புன்யாமீனுக்குச் சென்ற 'மெஸ்' மற்றவர்களுடையதைப் போல் ஐந்து மடங்காம். குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் இந்த அளவுக் குறிப்பு இல்லை. எனினும், 1611இல் கூட 'மெஸ்' என்பது அன்பளிப்பாக அனுப்பப்படும் கண்ணியமான உணவுப் பங்கைக் குறித்தது என்பதற்கு இது நல்ல சான்று.

நால்வர் அமரும் வட்டம்

உணவைக் குறித்த சொல், காலப்போக்கில் அவ்வுணவைச் சுற்றி அமர்ந்து உண்போரையும் குறிக்கலாயிற்று. இது நிகழ்ந்தது 15ஆம் நூற்றாண்டில். இடைக்கால இங்கிலாந்தின் பெரிய மாளிகைகளில் ஆளுக்கொரு தட்டு வைக்கும் வழக்கம் பரவலாக இல்லை. பல பேருக்குப் பொதுவாக ஒரு பாத்திரத்தில் உணவு வரும். பழைய ரொட்டியின் தடித்த துண்டு ஒன்றே அவரவர் தட்டு. பொதுப் பாத்திரத்திலிருந்து கையால் எடுத்து அதன் மீது வைத்து உண்பார்கள். இவ்வாறு சேர்ந்துண்ணும் குழுவுக்கு 'மெஸ்' என்று பெயர். பெரும்பாலும் ஒரு மெஸ்ஸுக்கு நான்கு பேர். நால்வர் என்பது அச்சொல்லோடு எவ்வளவு ஒட்டிவிட்டதென்றால், ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் நான்கு பேரைக் குறிக்கவே 'மெஸ்' என்னும் சொல்லை ஆண்டிருக்கின்றார்.

கையால் உண்பது நாகரிகமற்றது என்று நம் பிள்ளைகளில் சிலர் இன்று கூச்சப்படுகின்றனர். ஆங்கிலேயர் முள்கரண்டியைப் பிடிக்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்தான் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். இத்தாலியர் முள்கரண்டியால் உண்பதைக் கண்டு வியந்த தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலப் பயணி, அந்தப் புதுமையை 1611இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். அது வரை அவர்கள் நாட்டுப் பிரபுக்களுக்கும் விரல்களே கரண்டி.

ஒரே பாத்திரத்தில் நால்வர் கைவிட்டு உண்டால் ஒழுங்கு இருக்குமா என்று கேட்கலாம். இருந்தது, ஏனெனில் அதற்கென விதிகள் இருந்தன. பந்தி ஒழுங்கைக் கற்பிக்கும் நூல்கள் அக்காலத்தில் எழுதப்பட்டன. உப்புக் கிண்ணத்தில் இறைச்சியை நேரடியாகத் தோய்க்காதே, பொதுக் கோப்பையில் பருகும் முன் வாயைத் துடைத்துக்கொள் என்றெல்லாம் அவை சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. 15ஆம் நூற்றாண்டில் ஜான் ரஸ்ஸல் என்பவர் எழுதிய அத்தகைய நூல் ஒன்று, எந்தப் பதவியினர் ஒரு மெஸ்ஸுக்கு இருவராக அமரலாம், எவர் மூவராக, எவர் நால்வராக அமர வேண்டும் என்று பட்டியலே தருகின்றது. பதவி உயர உயரப் பங்காளிகளின் எண்ணிக்கை குறையும். அந்த ஏற்றத்தாழ்வு நமக்கு உடன்பாடானதன்று. ஆனால் சேர்ந்துண்பதற்கு ஒழுக்கம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்தப் பழைய வழக்கத்தின் எச்சம் இலண்டன் மாநகரின் சட்டக் கல்விச் சங்கங்களில் நீடித்து வந்திருக்கின்றது. அங்கே பாரிஸ்டர் பட்டத்திற்குப் படித்தோர், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. நால்வர் நால்வராக அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. 1888ஆம் ஆண்டு அங்கே படிக்கச் சென்ற காந்தியடிகள் தம் சுயசரிதையில் சுவையான செய்தி ஒன்றைக் கூறுகின்றார். நால்வருக்கு இரண்டு புட்டி மது என்பது அங்கே கணக்காம். காந்தியடிகளோ மதுவைத் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்களித்தவர். எனவே அவரைத் தம் நால்வரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மாணவரிடையே போட்டி! அவர் பங்கையும் மற்ற மூவர் பருகலாமே! அந்த வட்டத்தில் அமர்ந்துகொண்டே தம் கொள்கையைக் காத்தார் அவர். சேர்ந்துண்பது வேறு, சேரக்கூடாததில் சேர்வது வேறு என்பதை வெளிநாடு செல்லும் நம் இளைஞர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எண் இழந்தவர்

அரண்மனையிலிருந்து இச்சொல் படைக்கும் கப்பலுக்கும் சென்றது. பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரக் கப்பல்களில், பீரங்கிகளுக்கு இடையே கயிற்றில் தொங்கவிடப்பட்ட பலகைகளே உணவு மேசைகள். ஒவ்வொரு பலகையைச் சுற்றியும் அமரும் சிறு குழு ஒரு மெஸ். ஒவ்வொரு மெஸ்ஸுக்கும் ஓர் எண் உண்டு. தங்களில் ஒருவர் முறை வைத்து உணவைப் பெற்று வருவார். உடன் உண்பவன் 'மெஸ்மேட்' எனப்பட்டான். கடலில் பல மாதம் குடும்பத்தைப் பிரிந்திருந்த அம்மனிதர்களுக்கு அந்தப் பலகைதான் வீடு.

ஒரு மாலுமி இறந்துவிட்டால், 'அவன் தன் மெஸ்ஸின் எண்ணை இழந்துவிட்டான்' என்று சொல்வது அவர்களுடைய மரபு. மரணத்தைக் குறிக்க எத்தனையோ சொற்கள் இருக்க, உணவுப் பலகையில் காலியான இடத்தைச் சொல்லித்தான் அவர்கள் அதைக் குறித்தார்கள். வாப்பா மௌத்தான வீட்டில், அவர் வழக்கமாக அமரும் இடத்தில் பல நாள் யாரும் அமரத் துணியாததை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒருவர் வீட்டில் இருந்தார் என்பதற்கும் இப்போது இல்லை என்பதற்கும் சுப்ராவே முதல் சாட்சி.

வீழ்ச்சி

இத்தனை கண்ணியமான சொல் எப்படிக் குப்பையாயிற்று? 18ஆம் நூற்றாண்டில், பலவற்றையும் ஒன்றாகக் கலந்து குழைத்த உணவுக்கு, சிறப்பாகக் கால்நடைகளுக்கு வைக்கும் கலவைத் தீனிக்கு, 'மெஸ்' என்னும் பெயர் வழங்கியது. பசுவுக்கு வைக்கும் தவிடும் கழுநீரும் போல ஒன்றென்று எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், சொல்லின் மதிப்புக் குலைந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உணவே இல்லாத எந்தக் குழப்பமான கலவையையும் 'மெஸ்' என்றனர். பிறகு குழப்பமான நிலைமையும் மெஸ் ஆயிற்று. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் துப்புரவின்மையும் அலங்கோலமும் அதன் பொருளாகி நிலைத்துவிட்டன. 20ஆம் நூற்றாண்டில் பிராணிகளின் கழிவுக்கும் அச்சொல்லே பெயராயிற்று. மன்னரின் மேசையில் தொடங்கிய சொல் எங்கே வந்து விழுந்தது பாருங்கள்!

சொற்கள் இவ்வாறு தாழ்வது எம்மொழிக்கும் புதிதன்று. பண்டைத் தமிழில் 'நாற்றம்' என்றால் மணம். மலரின் நறுமணத்தைப் புலவர்கள் அச்சொல்லால் பாடினர். இன்று ஒருவரிடம் உங்கள் வீட்டுப் பூ நாற்றமடிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்! 'அவியல்' என்பது சுவையான ஒரு கறி. ஆனால் ஒருவருடைய கட்டுரையை அவியல் என்றால் அவர் மகிழமாட்டார்.

மெஸ்ஸின் வீழ்ச்சியில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கின்றது. அச்சொல்லின் நடுவில் மனிதர்கள் அமர்ந்திருந்த வரை அது கெடவில்லை. நால்வர் அமர்ந்த வட்டமாகவும், மாலுமிகளின் பலகையாகவும் இருந்த இடங்களில் அது இன்றும் மரியாதையோடு வாழ்கின்றது. இராணுவ அதிகாரிகளின் உணவு மாளிகைக்கு இன்றும் 'மெஸ்' என்றே பெயர். அங்கே பொத்தான் போடாமல் நுழைய முடியாது. மனிதர்கள் எழுந்துபோய், கலந்து கிடக்கும் தீனி மட்டும் எஞ்சிய இடத்தில்தான் அது அலங்கோலத்திற்குப் பெயராயிற்று.

ஆங்கிலேயப் படைகளோடு இந்தியாவுக்கு வந்த அச்சொல், படைமுகாம்களிலிருந்து மாணவர் விடுதிகளுக்கும், அங்கிருந்து நகரத் தெருக்களுக்கும் நடந்தது. தமிழன் அதன் நல்ல பொருளை மட்டும் எடுத்துக்கொண்டான். சென்னைத் திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடிய தலைமுறை தலைமுறையான இளைஞர்களைக் கேளுங்கள். மெஸ் என்றால் வீட்டுச் சமையலை நினைவூட்டும் சூடான சோறு என்பார்கள். வளைகுடா நாடுகளிலும் அப்படியே. ஓர் அறையில் தங்கும் எட்டுப் பத்துப் பேர் மாதம் இவ்வளவு என்று பங்கு போட்டு, முறை வைத்துச் சமைத்து, இரவில் தாள் விரித்து வட்டமாக அமர்ந்து உண்ணும் ஏற்பாட்டுக்கு 'மெஸ்' என்றே பெயர். அந்தப் பிள்ளைகள் அறியாமலேயே அச்சொல்லின் 15ஆம் நூற்றாண்டுப் பொருளை மீண்டும் வாழவைக்கின்றனர்.

நம்முடைய சஹன்

சேர்ந்துண்ணும் வட்டத்திற்கு நம்மிடம் அதனினும் கண்ணியமான சொல் ஒன்று உண்டு: சஹன். அரபியில் 'ஸஹ்ன்' என்றால் தட்டு. முற்றம் என்றும் பொருள் உண்டு. பலர் கூடுவதற்குரிய திறந்த பரப்பு என்னும் கருத்து இரண்டிலும் இருப்பதாகக் கொள்ளலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் விருந்துகளில் சஹன் வைத்துப் பரிமாறுவது தொன்றுதொட்ட வழக்கம். இலங்கையில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வர். செல்வரும் கூலித் தொழிலாளியும் ஒரே சஹனில் கை வைப்பதைக் கண்டு வியந்து பேசிய பிற சமயச் சகோதரர்கள் உண்டு.

ஆனால் இன்று நம் பிள்ளைகளில் சிலருக்குச் சஹன் கூச்சமாகத் தோன்றுகின்றது. "பலர் கை படும் தட்டு; ஒரே மெஸ்" என்கின்றனர். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. முதலில் மார்க்கச் சட்டத்தைச் சொல்வோம். சேர்ந்துதான் உண்ண வேண்டும் என்பது ஃபர்ளு அன்று. சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் உங்கள் மீது குற்றமில்லை என்னும் கருத்தை அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் தெளிவாகக் கூறுகின்றது. நோயுற்றோர், பிறருக்குத் தொற்றுமோ என்று அஞ்சுவோர் தனித் தட்டில் உண்பதில் தவறேதும் இல்லை. அதே வேளையில், எவ்வளவு உண்டாலும் வயிறு நிறைவதில்லை என்று தோழர்கள் சிலர் முறையிட்டபோது, நீங்கள் பிரிந்து பிரிந்து உண்கிறீர்கள் போலும் என்று கேட்டு, ஒன்றுகூடி அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணுமாறும் அதில் பரக்கத் உண்டாகும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூதாவூதில் ஹதீஸ் வருகின்றது. ஒருவர் உணவு இருவருக்கும், இருவர் உணவு நால்வருக்கும், நால்வர் உணவு எண்மருக்கும் போதுமானது என்பதும் அண்ணலாரின் அருள்வாக்கே.

பொதுத் தட்டு அலங்கோலமாகாமல் காப்பது எது? உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்னும் சிறுவர் அண்ணலாரின் வளர்ப்பில் இருந்தவர். உண்ணும்போது அவருடைய கை தட்டின் நாலா பக்கமும் அலைந்தது. அதைக் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள் அவரைத் தட்டிலிருந்து விலக்கவில்லை. தனித் தட்டும் கொடுக்கவில்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுமாறும், வலக்கையால் உண்ணுமாறும், தன் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுக்குமாறும் மூன்றே செய்திகளைக் கற்பித்தார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னதைப் புகாரி ஷரீஃபில் காண்கின்றோம். இந்த மூன்றும் இருந்தால் அது சஹன். இவை போய்விட்டால் நம் பிள்ளைகள் சொல்வது போல் அது வெறும் 'மெஸ்'தான்.

அண்ணலாரிடம் 'ஃகர்ரா' என்னும் பெரிய மரவை ஒன்று இருந்தது. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். ஒரு நாள் ளுஹாத் தொழுகைக்குப் பிறகு அதில் ஸரீத் என்னும் உணவு கொண்டுவரப்பட்டது. மக்கள் சூழ்ந்து அமர்ந்தனர். கூட்டம் மிகுந்து இடம் போதாமல் போகவே, நபி (ஸல்) அவர்கள் முழந்தாளிட்டு ஒடுங்கி அமர்ந்தார்கள். இது என்ன அமர்வு என்று ஒரு கிராமவாசி கேட்டார். அல்லாஹ் தம்மைக் கண்ணியமான அடியாராக ஆக்கினானேயன்றி, ஆணவக்காரராக ஆக்கவில்லை என்னும் கருத்தில் விடையளித்த அண்ணலார், ஓரங்களிலிருந்து உண்டு நடுவை விட்டுவைக்கச் சொன்னார்கள். அதில் பரக்கத் உண்டு என்றார்கள். பதவி உயர உயர அதிக இடம் கேட்ட ஆங்கிலப் பந்தியை முன்னர்க் கண்டோம். அகிலத்தின் அருட்கொடையோ, பிறருக்கு இடம் விட முழந்தாளிட்டார்கள்.

கடைசியில் உண்பவள்

இனி, நம் வீட்டைப் பார்ப்போம். வாப்பா கடையிலிருந்து திரும்பும் நேரம் ஒன்று. மகன் கல்லூரியிலிருந்து வரும் நேரம் மற்றொன்று. மகள் கைப்பேசியும் தட்டுமாக அறைக்குள் போய்விடுகின்றாள். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கோர் இடம். ஒவ்வொருவருக்கும் சூடு காட்டிப் பரிமாறி, ஒவ்வொரு முறையும் இடத்தைத் துடைத்து, அறை அறையாகச் சென்று காய்ந்துபோன எச்சில் தட்டுகளைப் பொறுக்கி வருபவர் யார்? உம்மா. அல்லது மருமகள். எல்லோரும் உண்டு முடித்த பிறகு, சட்டியின் அடியில் இருப்பதை வழித்து, அடுப்பங்கரையில் தனியாக அமர்ந்து உண்பவரும் அவரே. மெஸ்ஸின் பழைய பொருளான உணவை ஆக்குபவரும் அவர்; புதிய பொருளான குப்பையை அள்ளுபவரும் அவர். நால்வர் வட்டத்தில் அவருக்கு மட்டும் இடமில்லை.

பணியாள் உணவைச் சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள், இயலாவிடில் ஓரிரு கவளமாவது கொடுங்கள், நெருப்பையும் புகையையும் பொறுத்தவர் அவரல்லவா என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். பணியாளுக்கே இது என்றால், பெற்றவளுக்கும் மனைவிக்கும் என்ன செய்ய வேண்டும்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பருகிய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த அதே இடத்தில் தம் வாயை வைத்து அண்ணலார் அருந்தினார்கள். அவர்கள் கடித்த எலும்புத் துண்டில் அதே இடத்தில் கடித்து உண்டார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வரும் இச்செய்தியை மேடையில் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் சொல்லும் நாம், வீட்டுக்குப் போய், "நீ அப்புறம் சாப்பிட்டுக்கொள்" என்கின்றோம்!

நேரமே நேர்த்தி

ஒரு சிறு தகவல் கூறி முடிக்கின்றேன். அலங்கோலத்திற்கு எதிரான ஒழுங்கை ஆங்கிலத்தில் 'டைடி' என்பார்கள். இதன் தாய்ச்சொல் 'டைட்'. இன்று கடலின் ஏற்ற வற்றத்தைக் குறிக்கும் அச்சொல், பழைய ஆங்கிலத்தில் 'நேரம்' என்று பொருள்பட்டது. எனவே 'டைடி' என்பதற்கு முற்காலப் பொருள், 'உரிய நேரத்தில் அமைந்தது' என்பதாகும். நேர்த்தி, துப்புரவு என்னும் பொருள் அதற்குப் பின்னால் வந்தது. நேரம் தவறாதது எதுவோ அதுவே நேர்த்தியானது என்று அம்மொழி பேசியோர் கண்டிருக்கின்றனர்.

தொழுகையை நேரம் குறித்துக் கடமையாக்கிய மார்க்கம் நம்முடையது. உணவுக்கும் அதற்குரிய நேரத்தை அது அளித்திருக்கின்றது. இரவு உணவு வைக்கப்பட்ட நிலையில் இகாமத் சொல்லப்பட்டால், முதலில் உணவை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள் நபிகளார் (ஸல்) அவர்கள். நம் வீடுகளின் அலங்கோலத்திற்குக் காரணம் இடநெருக்கடி மட்டுமன்று. வீட்டார் அனைவருக்கும் பொதுவான ஒரு நேரம் இல்லாமற்போனதும் ஒரு காரணம்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! மூன்று வேளையும் முடியாவிட்டாலும் ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். மஃரிபுக்குப் பின்னரோ இஷாவுக்குப் பின்னரோ உங்களுக்கு எது வசதியோ அது. சுப்ராவை விரிப்பது ஒரு பிள்ளையின் வேலை. தண்ணீர் வைப்பது மற்றொரு பிள்ளையின் வேலை. கைப்பேசிகள் வேறோர் அறையில் இருக்கட்டும். எல்லோரும் கை கழுவி வந்து அமரட்டும். உணவுச் சட்டியைச் சுப்ராவிலேயே வைத்துவிடுங்கள். அப்போது பரிமாறுவதற்கென ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. உம்மா அமரும் வரை யாரும் பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டா. முடிந்ததும், விழுந்த பருக்கைகளைப் பொறுக்கிச் சுப்ராவை மடிப்பது ஆண்பிள்ளைகளின் பொறுப்பு. சஹனில் உண்பதா, தனித் தட்டில் உண்பதா என்பது உங்கள் விருப்பம். வட்டம் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் மகனை எண்ணிப் பாருங்கள். அங்கே பத்துப் பேரோடு தாள் விரித்து உண்டு பழகியவன், தன் வீட்டுச் சுவரைப் பார்த்துத் தனியே அமர்ந்து உண்ணும்படி விட்டுவிடாதீர்கள். அவன் எண்ணுக்குரிய இடம் உங்கள் வட்டத்தில் இருக்கட்டும்.

அனுப்பியவனை நினைந்து, அமர்ந்தவருக்கு இடம் விட்டு, ஆக்கியவளையும் அருகில் இருத்தி உண்ணும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் இல்லங்கள் அனைத்திற்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

மற்றொரு சொல்லோடு அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.